தண்டவாளம் மறைந்த மலைப்பாதைகள்

மலைநாட்டில் சைக்கிள் விடுவதா என்று நம்மவரில் பலர் நகைப்பதுண்டு. சைக்கிள் சமவெளிக்கு உரிய வாகனம். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாய்க்கால் ஓரமாகப் பால் கொண்டு போகவும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் அது உதவும். மூணாற்றிலும் நெல்லியாம்பதியிலும் ஏற்றத்தில் அதை நாம் தள்ள வேண்டும், இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிப் பள்ளத்தில் விடும் என்பது அவர்கள் வாதம். இதை நாம் முற்றிலும் மறுக்கப் போவதில்லை. விடுமுறை நாளில் பேருந்துகளுக்கும் ஜீப்புகளுக்கும் இடையே மலைச்சாலையில் சைக்கிள் மிதிப்பவர் படும் பாட்டைக் கண்டவர் எவரும் அவ்வாறே கூறுவர். ஆயினும், மலைமேல் உள்ள பாதைகள் யாவும் ஒரே தன்மையானவை அல்ல. மோட்டார் வண்டிக்காக வெட்டிய சாலை வேறு. மாட்டுக்காகவும் தண்டவாளத்துக்காகவும் வெட்டிய பாதை வேறு. இரண்டாவது வகைப் பாதையில், ஹாரன் ஒலியின்றிச் சரளைக் கல் மட்டும் சக்கரத்தின் கீழ் நொறுநொறுக்க, புல்மலையையும் காட்டையும் பார்த்துக்கொண்டே செல்லும் இன்பத்தை நம் குடும்பத்துப் பிள்ளைகள் அறியாதிருப்பது வருந்தத் தக்கது. அப்பாதைகளை வெட்டிய கைகள் பெரும்பாலும் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரின் கைகள் என்பதனால் அவ்வருத்தம் இன்னும் மிகுகின்றது.

ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பதால் இவ்விஷயத்தில் நமக்குப் பற்றுச் சற்று அதிகம் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. ஆதலால் இருப்புப்பாதை போடுவோர் ஏற்றத்தைக் கண்டால் அஞ்சுவர். 100 அடி ஓடி 1 அடி ஏறுவது அவர்களுக்கு உவப்பானது. 40 அடிக்கு 1 அடி என்றால் கடும் ஏற்றம் என்று குறித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சினைத் தேடுவர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் பாதை சில இடங்களில் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுவதனால் அன்றோ அங்கே பற்சக்கரம் வேண்டியதாயிற்று! அத்தகைய சாதனம் இல்லாத இடங்களில் மலையை நேரே ஏறாமல், ஓடையின் கரையைப் பற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றியே பாதை போட்டார்கள். சைக்கிள் மிதிப்பவரின் காலும் எஞ்சினின் குணம் உடையதே. 40 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் கூட வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம். 20 அடிக்கு 1 அடியானால் பேச்சு நின்றுவிடும். 10 அடிக்கு 1 அடியானால் நம்மைப் போன்ற நாற்காலி உத்தியோகஸ்தர் இறங்கி நடப்பதே கௌரவம். ஆகவே, தண்டவாளம் போய் அது கிடந்த மேடை மட்டும் மிஞ்சியிருக்கும் இடம் சைக்கிள்காரனுக்குக் கிடைத்த புதையல் என்றே சொல்லலாம்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. ஆனால் ஆனைமலைத் தொடர் இரண்டையும் தொடுகின்றது. அதன் வடமேற்குப் பக்கத்தில் பாலக்காட்டைச் சேர்ந்த பரம்பிக்குளம். தென்கிழக்குப் பக்கத்தில் இடுக்கியைச் சேர்ந்த மூணாறு. இடையில் நம் வால்பாறை. இத்தொடரின் இரு புறத்திலும் ஒரு காலத்தில் தண்டவாளம் இருந்தது. இன்று இரண்டிலும் இல்லை.

மூணாற்றுக் கதையை முதலில் சொல்லுவோம். அங்கே விளைந்த தேயிலை கடலைச் சேர வேண்டுமானால், அக்காலத்தில் கீழ்த்திசையில் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குவதே வழியாக இருந்தது. அதற்காக மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையின் விளிம்பு வரை ஒரு வண்டிப்பாதை வெட்டினார்கள். 1902-ஆம் ஆண்டில் அப்பாதையின் ஓரத்தில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓடும், வண்டி சாய்ந்துவிடாதபடி பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வரும், இழுப்பவை காளைகள். இம்முறையில் 1907-இல் தொடங்கிய பாட்டியாலா சமஸ்தானத்து வண்டியின் எஞ்சின் ஒன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. மூணாற்று வண்டி அவ்வாறு நிலைக்கவில்லை. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 2 அடி அகலமுள்ள சிறு ரயில்பாதை போட்டுச் சின்ன நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். அந்த ரயில்பாதை முடிந்த இடத்துக்கே டாப் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியைப் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். அதற்குள் மேலே ஓடிய ரயில் போய்விட்டது!

கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், மலையாள தேசம் முழுவதையும் அலைக்கழித்த பெருவெள்ளத்தை இன்றும் முதியோர் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே சொல்லுகின்றனர். அவ்வெள்ளத்தில் மலைகள் சரிந்தன, பாலங்கள் போயின, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அழிந்தது. மீண்டும் அதைப் போடவில்லை. தண்டவாளம் கிடந்த தடத்தின் பெரும்பகுதி சாலையாயிற்று. மூணாற்று ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. மாட்டுப்பெட்டி அணையும் குண்டளை அணையும் பின்னர் எழுந்தவை. இன்று மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 32 கிலோமீட்டர். அத்தனை தூரம் போயும் சில நூறு மீட்டர் மட்டுமே உயர்கிறோம் என்பதிலிருந்து பழைய தடத்தின் நயத்தை உணரலாம்.

சென்ற தை மாதத்தில் நாமும் நம் அலுவலக நண்பர் ஒருவரும் இப்பக்கம் போயிருந்தோம். சைக்கிள்களைப் பாலக்காட்டில் பிரேக் வேனுக்குப் பதிவு செய்து உடுமலைப்பேட்டையில் இறக்கி, அங்கிருந்து காய்கறி ஏற்றிவரச் சென்ற ஒரு சுமைவண்டியில் போட்டுக்கொண்டு மேலே ஏறினோம். சின்னாற்றுக் காட்டுச் சாலையை நாம் சைக்கிளில் கடக்கவில்லை. அதன் காரணம் பின்னால் வரும். மூணாற்றுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நம் அத்தை வீடு. லயத்தில் இரண்டு அறை. முன்னால் சிறு திண்ணை. திண்ணையில் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் சாய்த்து வைத்ததும் அண்டை வீட்டார் வர வழியில்லாமற் போயிற்று. விடியுமுன் புறப்பட வேண்டும் என்று நாம் துடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

“வெள்ளெனப் போகாதீங்க தம்பி. ராத்திரி ஆனை கீழ பெரட்டுக்களத்துல நின்னுச்சு. வெயில் ஏறட்டும், பொம்பளைங்க கொழுந்துக்குப் போகட்டும், பிறகு போங்க” என்றார்.

அவ்வாறே ஏழரை மணிக்கு மேல்தான் புறப்பட்டோம். மாட்டுப்பெட்டிக்குப் போகும் பெரிய சாலையில் அந்நேரத்துக்கே உல்லாசப் பயணிகளின் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. பழைய ரயிலின் தடம் அதுதான் என்றாலும் அங்கே சைக்கிளுக்கு அமைதி இல்லை. ஆகவே, முன்னதாகவே எஸ்டேட் அலுவலகத்தில் அத்தை வாங்கி வைத்திருந்த அனுமதியோடு, தோட்டத்தின் உட்பாதையில் திரும்பினோம். அன்று நாம் கண்ட சுகம் அத்தனையும் அவ்வுட்பாதையில்தான். செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் சில்வர் ஓக் மரங்கள். வளைவுக்கு வளைவு சிற்றோடை ஒன்று கல்மதகின் கீழ் பாய்கின்றது. இரண்டு மணி நேரத்தில் எதிர்ப்பட்ட வாகனம் ஒன்றே, கொழுந்து ஏற்றும் டிராக்டர். அதன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறோம், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்த பின்னரே வழிவிட்டார். போக்குவரத்து இல்லாத சாலையிலும் இவ்வளவு போக்குவரத்து விசாரணை உண்டு!

தேயிலை முடியும் இடத்தில் புல்மலை தொடங்குகின்றது. மரமின்றி வழுவழுவென்று கிடக்கும் உச்சிகள். அவற்றின் மடிப்புகளில் மட்டும் கருநிறமாய் அடர்ந்த சோலைக்காடு. இத்தோட்டங்களைத் திறந்தவர்களில் ஸ்காட்லாந்து தேசத்தார் பலர்; அவர்களுக்கு இந்தப் புல்வெளிகள் தம் நாட்டு மேட்டுப் புல்தரிசுகளை நினைவூட்டியதில் வியப்பில்லை. ஆனால் இது தரிசு அன்று. புல்லும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. கோடையில் நம் ஆறுகளில் ஓடும் நீர் இவ்வாறு கசிவதுதான். வரையாடு மேய்வது இங்கே. 2006-லும் 2018-லும் மலையை நீலமாக்கிய குறிஞ்சி பூத்ததும் இங்கே. பன்னீராண்டுக் கணக்கின்படி அடுத்தது 2030. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இப்புல்மலைகளின் தலைமையிடம் எனலாம். அதைச் சுற்றிய இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. அதன் ராஜமலைப் பகுதிக்கு வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக முடியும், சைக்கிளுக்கு இடமில்லை. வரையாடு குட்டி போடும் காலத்தில் எவருக்கும் இடமில்லை. அதில் நமக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

இனிச் சைக்கிளைப் பற்றிச் சிறிது. இத்தகைய பாதைகளுக்கென்றே மேல்நாட்டார் இந்நாளில் தனியான சைக்கிள்கள் செய்கின்றனர். தட்டுப் பிரேக், பல படி கியர், 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமான டயர் என்று அவற்றின் சிறப்புகளை அடுக்குகின்றனர். விலை கேட்டால் தலை சுற்றும். நம் தந்தையார் காலத்து ஹெர்குலிஸ் சைக்கிளின் டயர் அகலம் 1½ அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய சைக்கிள் கம்பெனி கப்பி ரோட்டுக்கும் மண்சாலைக்கும் என்றே செய்து தந்த அந்தக் கனத்த வண்டி, சரளையில் ஓடுவதற்கு இன்றும் தகுதியானதே. காற்றை மட்டும் சற்றுக் குறைக்க வேண்டும். கல்போல் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் துள்ளும். சிறிது இளகிய டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். ஏற்றத்துக்கு ஒரு யுக்தி உண்டு. பின்சக்கரத்து ஃப்ரீவீல் 18 பல் கொண்டதாயின், 22 பல் கொண்டதை மாற்றிப் போட்டால் காலுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறையும், செலவும் அற்பமே.

பழைய வண்டியின் குறை பிரேக்கில்தான் இருக்கின்றது. கம்பிப் பிரேக்கு நனைந்த எஃகு ரிம்மைப் பிடிக்காது. பனியிலும் மழையிலும் அதை நம்பி மலை இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். இந்த ஒன்றுக்காகவாவது நல்ல பிரேக் உள்ள புதிய வண்டியை நாடலாம். இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில், அதுவும் முன்பிரேக்கை இறுக்கினால், சரளை உருண்டு வண்டி படுத்துவிடும். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, முழங்கையைத் தளரவிட்டு, பார்வையைச் சக்கரத்தின் முன் வைக்காமல் பத்து கஜத்துக்கு அப்பால் வைப்பவனுக்குக் கல்பாதை அஞ்சத் தக்கதன்று.

அன்று பிற்பகல் டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் பாம்பாடும் சோலையின் சோதனைச் சாவடி வரை சென்று திரும்பினோம். அச்சோலையைக் கடந்தால் வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கொம்பூர். பூண்டும் காய்கறியும் விளையும் தமிழ் ஊர்கள். பல தலைமுறைகளுக்கு முன் பாண்டிநாட்டிலிருந்து ஏறி வந்தவர்களின் வழியினர் அங்கே வாழ்கின்றனர். நாம் நிற்கும் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே குரங்கணியும் கொட்டகுடியும் போடியின் வயல்களும் புகைபோல் தெரிகின்றன. கங்காணிகள் ஆள் கட்டி மேலே அழைத்து வந்ததும் இச்சரிவின் வழியாகத்தான். பெட்டியும் சட்டியும் பிள்ளையும் சுமந்து, போடியிலிருந்து நடந்தே ஏறியவர்கள் அவர்கள். தேயிலை கம்பிவடத்தில் சொகுசாக இறங்கிற்று. அதைப் பறித்தவர் கால்நடையாக ஏறினர்.

இரவு திண்ணையில் அமர்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, காலையில் எச்சரித்த பெரியவரும் வந்து அமர்ந்தார். தம் பாட்டனார் அவ்வழியே வந்தவர் என்றார். எவ்வளவு தூரம் போனீர்கள், எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த வளைவில் தண்ணீர் குடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். பாதை முழுவதும் அவர் நெஞ்சில் இருந்தது. பின்னர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

“மகன் திருப்பூர்ல இருக்கான் தம்பி. மருமக கடைசி ஆளு, அவளும் வேலைய விட்டுட்டா வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். அப்புறம் இங்க நாங்க யாரு? பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா நடந்து காட்ட அந்த வழியாச்சும் இருக்கணும்.”

தோட்டத் தொழிலில் வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். நூறாண்டு வாழ்ந்தாலும் ஒரு சென்டு நிலம் சொந்தமாகாத குடும்பங்கள் மூணாற்றிலும் பீருமேட்டிலும் எத்தனையோ. 2015 செப்டம்பரில் அப்பெண்கள் ஊதியத்துக்கும் போனசுக்கும் மூணாற்று வீதியில் ஒன்பது நாள் அமர்ந்தபோதுதான் நாடு அவர்கள் முகத்தைக் கண்டது. (அவ்வொன்பது நாள் பெரிய சாலையிலும் மோட்டார் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.) 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது மீண்டும் கண்டது, அவர்களில் பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தார். நிலமும் வீடும் பற்றிய வழக்கு பெரியது. அதை இக்கட்டுரையில் அடக்க இயலாது. நாம் பேசுவது அதைவிட மிகச் சிறிய ஒன்று, நடக்கவும் மிதிக்கவும் உள்ள வழி.

பரம்பிக்குளத்தின் கதை இதனினும் பெரிது. கொச்சி சமஸ்தானத்தார் அக்காட்டின் தேக்கையும் ஈட்டியையும் வெளியே கொண்டுவர 1907-இல் ஒரு டிராம்பாதையை ஓட்டத் தொடங்கினர். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி ரயில் நிலையம் வரை 49½ மைல். எஞ்சின்களையும் சாமான்களையும் தந்தது ஜெர்மனியின் ஆரன்ஸ்டைன்-கொப்பல் கம்பெனி. எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான இடங்களில் வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி இறங்க, அதன் கனமே மறுமுனையில் காலி வண்டியை மேலே இழுக்கும். 1963-இல் அதை மூடிவிட்டனர். காட்டுக்குள் அதன் எச்சங்கள் இன்றும் கிடக்கின்றன. பாலக்காட்டைச் சேர்ந்த அக்காட்டுக்குப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியே சுற்றித்தான் போக வேண்டும் என்பது இரு மாநில எல்லை செய்யும் வேடிக்கை. ஆனால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அங்கே நம் இஷ்டத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிராம் தடத்தைத் தேடிப் போக முடியாது, போகவும் கூடாது.

இதைச் சொல்லும்போது நண்பர்கள் சிலர் நம்மோடு சண்டைக்கு வருகின்றனர். வண்டி ஓடாத பாதை வேண்டும் என்கிறாய். அத்தகைய பாதைகள் காட்டுக்குள்தானே உள்ளன. அவற்றைத் திறந்துவிடச் சொன்னால் என்ன என்று கேட்கின்றனர். மூணாற்றிலிருந்து கொடைக்கானலுக்குப் புல்மலை உச்சியின் வழியே போன பழைய சாலை பல ஆண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிக் கிடக்கின்றது. ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றுக்கு ஏறிய பழைய அரசபாதை 1924 வெள்ளத்தில் சிதைந்து காட்டோடு கலந்துவிட்டது. அதைத் திறக்க வேண்டும் என்று ஊரார் கேட்கின்றனர், வனத்துறை மறுக்கின்றது. நெரியமங்கலம் வழியாக இன்று நாம் போகும் சாலை அதற்குப் பின் வந்தது.

நம் கருத்து வனத்துறையின் பக்கமே. ஒரு பாதையைச் சைக்கிளுக்கென்று திறந்தால் அடுத்த ஆண்டு ஜீப் வரும், மூன்றாம் ஆண்டு தார் வரும், அதன்பின் தங்கும் விடுதி வரும். மேலும், காட்டில் சைக்கிளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அது ஓசையற்றது. ஜீப் வருவதை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும், அல்லது நிற்கும். சைக்கிளோ வளைவு திரும்பியதும் அதன் முன்னே போய் நிற்கும். திடுக்கிட்ட யானையிடமிருந்து ஏற்றத்தில் மிதித்துத் தப்பியவர் இல்லை. சின்னாற்றுச் சாலையை நாம் சுமைவண்டியில் கடந்ததன் காரணம் இதுவே. எஸ்டேட் பாதையிலும் வளைவுதோறும் மணி அடித்துக்கொண்டு போவது நல்லது. அமைதி குலைகிறதே என்று எண்ண வேண்டாம்.

தீயையும் மறக்கலாகாது. மாசி, பங்குனியில் புல்மலை காய்ந்த வைக்கோல் போர். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிச் சரிவில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பலர் இளம்பெண்கள். நாம் விளிம்பில் நின்று அழகு பார்த்த இடத்துக்குக் கீழேதான் அது நடந்தது. ஆனி முதல் ஐப்பசி வரை மழையும் அட்டையும் மண்சரிவும். ஆகவே இப்பக்கம் சைக்கிளுக்கு உகந்த காலம் மார்கழியும் தையுமே. குளிர் சில ஆண்டுகளில் நீர் உறையும் அளவுக்குப் போகும். கம்பளிக் கையுறை இல்லாவிட்டால் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது.

காட்டை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். தோட்டப் பாதைகள் மிஞ்சும். ஊர்ப் பாதைகள் மிஞ்சும். அவை சிறியனவல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கைவிட்ட ரயில்பாதை ஒன்றின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பொடிக்கல் பரப்பி, எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே 32 மைல் நீளத்துக்குச் சைக்கிள் பாதையாக்கி 1967-இல் திறந்தனர். மூன்று சுரங்கங்களைக் கடந்து செல்லும் அது இவ்வகையில் வழிகாட்டி எனக் கருதப்படுகின்றது. நியூஸிலாந்தின் ஒட்டாகோவில் 150 கிலோமீட்டர்ப் பழைய ரயில் தடம் 2000-ஆம் ஆண்டு முதல் சைக்கிளுக்கு ஆயிற்று. வழியிலுள்ள சிற்றூர்கள் அதனால் பிழைத்தன. நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கையில் உள்ளது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை, தேயிலை சுமந்த பழைய பாதைகளையே ஒன்றோடொன்று இணைத்து, 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதையை அண்மையில் அமைத்திருக்கின்றனர். அவையெல்லாம் மலையகத் தமிழர் நாள்தோறும் நடந்து தேய்ந்த வழிகள். புதிதாய் ஒரு கல்லும் பெயர்க்காமல், வழிகாட்டும் பலகை மட்டும் நட்டுச் செய்த காரியம் அது.

மூணாற்றிலும் நெல்லியாம்பதியிலும் அவ்வாறு செய்யத் தடை என்ன? தோட்ட நிர்வாகங்கள் ஞாயிறு ஒரு நாளேனும் உட்பாதைகளில் சைக்கிளை அனுமதிக்கலாம். வழிகாட்டும் வேலையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே தரலாம். யானை எங்கே நிற்கிறது என்பதை வெளியூர்க்காரன் எந்தப் படத்தைப் பார்த்தும் அறிய முடியாது. பெரட்டுக்களத்தில் கேட்டால் தெரிந்துவிடும். முக்கியமாக, சரளையைச் சரளையாகவே விட வேண்டும். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகும் பாதைக்குத் தார் கட்டாயம் வேண்டும். கர்ப்பிணியை ஜீப்பில் குலுக்கிக்கொண்டு போகும் கொடுமையைச் சைக்கிள் இன்பத்துக்காக நீடிக்கச் சொல்லுவோர் மனிதர் அல்லர். ஆனால் உல்லாச விடுதிக்காக மட்டும் தார் கேட்கும் பாதைகளைப் பற்றி நம் ஊராட்சி உறுப்பினர்கள் இருமுறை யோசிக்கலாம்.

நம் சங்கத்து இளைஞர் சிலர் வருகிற தை மாதத்தில் ஒரு ஞாயிறு போய்வர விரும்புகின்றனர். மதுரைப் பக்கத்து உறவினரும் சேரலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் நின்ற போடி ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகின்றது. சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்பவர் வண்டி புறப்படுவதற்கு ஒரு மணி முன்னதாக வர வேண்டும். பெயரும் ஊரும் எழுதிய அட்டையை ஹாண்டில்பாரிலும் சீட்டின் அடியிலும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும், ஒன்று எப்படியும் அறுந்து போகும். பெட்ரோல் இருந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், சைக்கிளில் அந்தக் கவலை இல்லை. டியூப் ஒன்று, ஒட்டுப்போடும் சாமான், பம்ப், உப்புப் பொட்டலம், கம்பளி, இரண்டு வேளைக்குப் புளிச்சோறு ஆகியவை போதும். தண்ணீருக்குக் கவலையில்லை. எந்த வளைவில் குடிக்கலாம் என்று நம்மிடம் ஒரு பெரியவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்.